கண்ணாடிக்குப் பணம் வந்துவிடும், துப்பாக்கி என்ன ஆகும்?

கேள்வி:

மேடம், வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறோம். எனக்கும் என் கணவருக்கும் ஹெச்-1பி விசா. திருச்சியிலிருந்து என் மாமனார் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் அவர் வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர் பேஸ்பால் மட்டையோடு வந்து, எங்கள் காரின் முன் கண்ணாடியையும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உடைத்தார். "உன் ஊருக்கே திரும்பிப் போ" என்று கத்தினார். மாமாவின் வேட்டியைக் காட்டி அசிங்கமாகவும் ஏதோ சொன்னார். போலீஸ் வந்தபோது என் கணவர் கண்ணாடி உடைந்ததை மட்டும்தான் சொன்னார். இரண்டு நாள் கழித்து நான்தான் வாசல் கேமராப் பதிவைக் காட்டி, அந்த ஆள் பேசியதையும் சொன்னேன். பிறகு பொருட்சேதத்தோடு வெறுப்புக் குற்றத்தையும் வழக்கில் சேர்த்தார்கள். கண்ணாடி மாற்ற 1,240 டாலர் ஆனது.

போன வாரம் டி.ஏ. (மாவட்ட அரசு வக்கீல்) அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர் பொருட்சேதக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாராம். வெறுப்புக் குற்றத்தை விட்டுவிடுவார்களாம். எங்கள் பணம் எங்களுக்குக் கிடைத்துவிடுமாம். "விஷயம் முடிஞ்சா போதும்" என்கிறார் கணவர். என் பயம் வேறு. அந்த ஆள் சனிக்கிழமைகளில் நீளமான துப்பாக்கிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதைத் தெருவில் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வெறுப்புக் குற்றம் செய்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, உண்மையா? துப்பாக்கி இங்கே அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமை, யாரும் பிடுங்க முடியாது என்கிறார் ஆபீஸ் நண்பர். நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கணவர் யோசிக்கிறார். மாமா அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது தேதியைத்தான். அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படித்த கையோடு டி.ஏ. அலுவலகத்துக்குப் போன் போட்டு அதைக் கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வது கோர்ட்டில் சில நிமிட வேலை. நீதிபதி வரிசையாகக் கேள்வி கேட்பார், அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் "யெஸ், யுவர் ஆனர்" என்பார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த முடிவை அசைப்பது மிகக் கடினம். நீங்கள் பேச வேண்டியதை அந்த வாய்தாவுக்கு முன்னால் பேசிவிட வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கலிபோர்னியா சட்டமன்றம் 2017-ல் ஏபி 785 என்ற மசோதாவை நிறைவேற்றியது. 2018 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 422.6-வது பிரிவு, அதாவது நம் மாநிலத்தின் முக்கியமான வெறுப்புக் குற்றப் பிரிவு, அதன் கீழ் தண்டனை பெற்றவர் பத்து வருடத்துக்குத் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. மீறினால் அதுவே தனிக் குற்றம்.

இந்தச் சட்டம் எந்த ஓட்டையை அடைக்க வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கு அந்த ஓட்டையிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் குற்றங்களை ஃபெலனி, மிஸ்டிமீனர் என்று பெரிது சிறிதாகப் பிரிப்பார்கள். ஃபெலனி என்றால் துப்பாக்கி உரிமை போய்விடும், கூட்டாட்சிச் சட்டப்படியும் போய்விடும். மிஸ்டிமீனர் என்றால் பொதுவாகப் போகாது. ஆனால் கலிபோர்னியா, 29805 என்ற பிரிவில் சில மிஸ்டிமீனர்களைப் பட்டியல் போட்டு, இவற்றில் தண்டனை பெற்றால் பத்து வருடத் தடை என்று வைத்திருக்கிறது. ஒருவரை அடிப்பது, அடிக்கப் பாய்வது, ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது எல்லாம் அதில் முன்பே இருந்தன. 422.6 இல்லை. இனத்தையோ மதத்தையோ காரணமாக வைத்து ஒருவரை மிரட்டுவதும், அவருடைய வீட்டையோ காரையோ கோயிலையோ சேதப்படுத்துவதும் அந்தப் பிரிவில்தான் வரும். ஆக, ஆளை ஒரு அறை அறைந்தவர் துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும், குடும்பத்தைத் தெருவை விட்டே துரத்துவதற்காகக் காரை உடைத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை 2017 வரை இருந்தது.

இப்போது உங்களுக்கு வந்த போனைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். பொருட்சேதம் என்பது 594-வது பிரிவு. அது அந்தப் பத்து வருடப் பட்டியலில் இல்லை. 594-ஐ மிஸ்டிமீனராக ஒப்புக்கொண்டு 422.6 போய்விட்டால், அவருடைய பெட்டிகள் அவருடைய வீட்டிலேயே இருக்கும்.

நான் பல வருடம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்று வாதாடியவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன், உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் இப்படி வழக்கில் மாட்டிக்கொண்டு வந்தால், அவர் வக்கீலிடம் கேட்கும் முதல் கேள்வி "ஜெயிலுக்குப் போவேனா?" என்பது. இரண்டாவது கேள்வி "என் துப்பாக்கிகள் என்ன ஆகும்?" என்பது. முதல் தடவை மிஸ்டிமீனர் செய்தவருக்கு ஜெயில் அபூர்வம் என்பது வக்கீலுக்குத் தெரியும். அதனால் மிச்சப் பேச்சு முழுக்க இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். 1,240 டாலரை அவர் என்றைக்கு வேண்டுமானாலும் கட்டத் தயாராக இருப்பார். 422.6 என்ற அந்த ஒரு வரியைத் தாளிலிருந்து எடுக்கத்தான் வக்கீல் வந்திருக்கிறார். உங்களிடம் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பக்கத்தில் பேரம் துப்பாக்கியைப் பற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கணவர் கவலைப்பட வேண்டாம். குற்றத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைக் குற்றவாளியிடமிருந்து பெறுவது கலிபோர்னியாவில் பாதிக்கப்பட்டவரின் அரசியலமைப்பு உரிமை. எந்தப் பிரிவில் தண்டனை வந்தாலும் கண்ணாடிக்கான காசு வந்து சேர வேண்டும். பணத்துக்காக எந்தப் பிரிவையும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, டி.ஏ. அலுவலகத்தில் என்ன பேசுவது? 2008-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய மார்ஸி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழக்கைப் பற்றி அரசு வக்கீலோடு கலந்து பேசவும், பேரம் முடிவாகும் முன் தகவல் பெறவும், ஒப்புக்கொள்ளும் நாளில் கோர்ட்டில் எழுந்து பேசவும் பாதிக்கப்பட்டவருக்கு அது உரிமை கொடுக்கிறது. ஆனால் "கேட்டால்" என்ற வார்த்தை அதில் இருக்கிறது. கேட்காதவருக்கு எதுவும் தானாக வராது. அதனால் எழுத்தில் கேளுங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். "இந்த உரிமையின்படி உங்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறோம். 422.6-ஐக் கைவிடுவதை நாங்கள் எதிர்க்கிறோம். எதிர்த்தரப்பு நபரிடம் துப்பாக்கிகள் இருப்பதை நேரில் பார்த்திருக்கிறோம்." இந்த மூன்று வாக்கியம் இருந்தால் போதும். கடைசி வாக்கியம் முக்கியம். ஒரு துணை அரசு வக்கீலின் மேஜையில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருக்கும். துப்பாக்கி இருக்கிறது என்ற தகவல் உங்கள் ஃபைலில் ஏறியே இருக்காது, நீங்களும் போலீஸிடம் அதைச் சொன்னதாக எழுதவில்லை. முடிவு கடைசியில் அரசு வக்கீலுடையதுதான், உங்களுடையது இல்லை. ஆனாலும் இந்தத் தகவலைப் பார்த்த பிறகு பலர் பேரத்தை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் 422.6-ஐ நிரூபிப்பது கஷ்டம் என்று சொன்னால், அது சாக்காக இல்லாமல் உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆள் உடைத்தார் என்று காட்டினால் மட்டும் போதாது, நீங்கள் யார் என்பதற்காக உடைத்தார், உங்களை மிரட்டவோ உங்கள் உரிமையைத் தடுக்கவோ உடைத்தார் என்றும் காட்ட வேண்டும். அப்படியானால் இன்னொரு வழியைக் கேளுங்கள்: பத்து வருடப் பட்டியலில் இருக்கும் வேறொரு பிரிவை ஒப்புக்கொள்ளச் சொல்லலாமே? ஒரு மனிதருக்கு முன்னால் மட்டையை வீசிக்கொண்டு வருவது, நடந்த விதத்தைப் பொறுத்து, ஆயுதம் காட்டி மிரட்டுதல் என்ற 417-லோ அடிக்கப் பாய்ந்தது என்ற 240-லோ வரலாம். இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. பெயரில் வெறுப்பு என்ற சொல் இருக்காது, உங்களுக்கு அது வலிக்கும். ஆனால் துப்பாக்கி போய்விடும். அதோடு உங்கள் பில்லையும் காட்டுங்கள். பொருட்சேதம் 400 டாலரைத் தாண்டினாலே 594-ஐ ஃபெலனியாகப் போட அரசு வக்கீலுக்கு இடம் இருக்கிறது. வெறுப்பால் செய்த சேதம் 950 டாலரைத் தாண்டினால் 422.7 என்ற இன்னும் கனமான பிரிவும் இருக்கிறது. மூன்று கண்ணாடிக்காக ஃபெலனி கேட்டு நிற்கச் சொல்லவில்லை. அந்த இடம் இருப்பதை நினைவூட்டினால் பேரத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் சேரும். எதுவுமே நடக்கவில்லை என்றால், நன்னடத்தைக் கண்காணிப்பு நிபந்தனையாக ஆயுதத் தடையாவது கேளுங்கள். மிஸ்டிமீனர் கண்காணிப்பு இப்போது பெரும்பாலும் ஒரு வருடம்தான். பத்து வருடத் தடைக்குப் பதில் ஒரு வருடம்தான் கிடைக்கும்.

அடுத்து, சாட்சியம். கேமராப் பதிவை இன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். இந்தக் கருவிகளில் சந்தாவைப் பொறுத்துப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். உங்களுடையதில் சத்தம் பதிவாகியிருக்கிறதா என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்கு முன் என்ன சொன்னார், பின் என்ன சொன்னார் என்று நொடிக் கணக்கோடு எழுதி வையுங்கள். அசிங்கமான வார்த்தையையும் அப்படியே எழுதுங்கள், புள்ளி வைத்து மறைக்க வேண்டாம். நம் ஆட்கள் போலீஸிடம் இதைத்தான் சொல்லாமல் விடுவார்கள். "ஏதோ திட்டினான்" என்று முடித்துவிடுவார்கள். சொல்லக் கூச்சம், எழுதக் கூச்சம். ஆனால் வெறுப்புக் குற்றத்தில் அந்த வார்த்தைதான் மையச் சாட்சியம்.

பேச்சு மட்டுமே இருந்தால் இங்கே குற்றம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 422.6-லேயே அது எழுதியிருக்கிறது: வெறும் பேச்சுக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, அந்தப் பேச்சே வன்முறை மிரட்டலாக இருந்து அதைச் செய்யும் வல்லமையும் அவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் ஒழிய. "உன் ஊருக்குப் போ" என்று நடைபாதையிலிருந்து கத்திவிட்டுப் போயிருந்தால் நானும் உங்களிடம் வழக்கு நிற்காது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பாதுகாப்பு எனக்கும் உங்களுக்கும்கூட வேண்டியது. மட்டை கண்ணாடியில் பட்டதும் விஷயம் பேச்சைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு வார்த்தை, காரணத்தைக் காட்டும் சாட்சி.

உங்கள் மாமனாரைப் பற்றி. வாசலில் நின்று எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர் அவர். அவர் திருச்சிக்குப் போன பிறகு வழக்கு விசாரணைக்கு வந்தால் கேமரா மட்டும்தான் மிச்சம், அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். இதற்குக் கலிபோர்னியாச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாநிலத்தை விட்டுப் போகப் போகும் முக்கியமான சாட்சியை, விசாரணைக்கு முன்பே, எதிர்த்தரப்பு வக்கீல் முன்னிலையில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளலாம். 1335-லிருந்து தொடங்கும் பிரிவுகள். அவர் திரும்பிப் போகும் தேதியை அரசு வக்கீலிடம் உடனே சொல்லி, இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே சொல்லுங்கள். தமிழுக்கு ஆள் குறைவு, கடைசி நேரத்தில் கேட்டால் வாய்தா தள்ளிப்போகும், அதற்குள் விமானம் கிளம்பிவிடும். அவர் சார்பில் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"விடும்மா, ஒரு கண்ணாடிதானே, எனக்காக வம்பு எதுக்கு" என்று பெரியவர் சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த மாதிரி வீடுகளில் நான் கேட்காத நாள் இல்லை. விசிட்டர் விசாவில் வந்தவர் என்பதால் கோர்ட், போலீஸ் என்று போனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கும். வெறுப்புக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ குடியேற்றக் காரணத்துக்காக மட்டும் பிடித்து வைக்கவோ கூட்டாட்சி அதிகாரிகளிடம் ஒப்படைக்கவோ கலிபோர்னியா போலீஸுக்கு அனுமதி இல்லை. அவரோ முறையான விசாவில் வந்தவர். அவருக்கு இதைத் தமிழில் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தண்டனை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் கவுண்ட்டி சுபீரியர் கோர்ட்டில் சிவில் தொல்லைத் தடை உத்தரவு கேட்கலாம். சிஹெச்-100 என்ற படிவம், கோர்ட்டிலேயே கிடைக்கும். வன்முறையோ நம்பத்தகுந்த மிரட்டலோ இருந்தால் கட்டணம் இல்லை. உங்களுக்காகக் கேட்கும்போது, வீட்டில் இருக்கும் கணவரையும் மாமனாரையும் சேர்த்துக்கொள்ளலாம். தற்காலிக உத்தரவு சீக்கிரமே கிடைக்கும், மூன்று வாரம் அளவில் முழு விசாரணை வரும், நீதிபதி நம்பினால் ஐந்து வருடம் வரை உத்தரவு போடலாம். அந்த உத்தரவு இருக்கும் காலம் முழுக்க அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கையில் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, ரசீதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும் இது தனியாக நிற்கும். என் அலுவலகத்துக்கு வந்திருந்தால் இந்தப் படிவத்தைத்தான் முதல் நாளே நிரப்பச் சொல்லியிருப்பேன்.

துப்பாக்கி வன்முறைத் தடை உத்தரவு என்று இன்னொன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-ல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு வந்த சட்டம், 2016 முதல் அமல். அதைக் குடும்பத்தார், போலீஸ், 2020 முதல் முதலாளி, உடன் வேலை பார்ப்பவர், பள்ளி ஊழியர் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்க முடியாது. ஆனால் போலீஸ் கேட்கலாம், அவர்களிடம் தகவல் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

422.6-ல் தண்டனை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். துப்பாக்கிகள் தானாகப் போய்விடுமா? 2016-க்கு முன்னால், தடை காகிதத்தில் இருக்கும், துப்பாக்கி வீட்டில் இருக்கும். அந்த வருடம் வாக்காளர்கள் நிறைவேற்றிய 63-வது முன்மொழிவு இதை மாற்றியது. இப்போது தண்டனை சொல்லும்போதே படிவம் கொடுத்து, வெளியே இருப்பவர் 48 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடும். கண்காணிப்பு அதிகாரி அரசுப் பதிவேட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஏட்டில் இப்படி. நடைமுறையில், தடை வந்த பிறகும் துப்பாக்கியோடு இருப்பதாக மாநில நீதித் துறையின் கணினிப் பட்டியலில் இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக அதிகாரிகள் போதவில்லை. அதனால், தீர்ப்பு வந்த பிறகும் சனிக்கிழமை அந்தப் பெட்டிகள் வண்டியில் ஏறினால், தேதியும் நேரமும் குறித்துப் போலீஸிடம் சொல்லுங்கள். அவரிடம் நேரில் கேட்கப் போகாதீர்கள்.

உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னது பாதி சரி. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. அது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் ப்ரூயன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று அளவுகோலை இறுக்கியது. அதன் பிறகு பல தடைகள் கோர்ட்டுக்குப் போயின. ஆனால் 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் அதே நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது என்ன தெரியுமா? இன்னொருவரின் உடலுக்கு நம்பத்தகுந்த ஆபத்து என்று ஒரு கோர்ட் கண்டறிந்த ஆளிடமிருந்து, தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்து வைக்கலாம். அது குடும்ப வன்முறைத் தடை உத்தரவைப் பற்றிய வழக்கு. வெறுப்புக் குற்றத் தடையும் ஒரு கோர்ட் விசாரித்த பிறகே வருகிறது, பத்து வருடத்தில் முடிகிறது. இந்த இரண்டும் இருப்பதால் அது நிற்கும் என்பது என் கருத்து. சாகும் வரை பறிக்கும் சட்டமாக இருந்திருந்தால், மிஸ்டிமீனருக்கு அது அதிகம் என்று நானே வாதாடியிருப்பேன்.

நாடு முழுவதும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டாட்சிச் சட்டத்தில், மிஸ்டிமீனருக்காகத் துப்பாக்கியைத் தடுப்பது குடும்ப வன்முறைக்கு மட்டும்தான். அது 1996-ல் வந்தது. வெறுப்புக் குற்ற மிஸ்டிமீனரையும் சேர்க்க வேண்டும் என்று 'டிஸார்ம் ஹேட்' என்ற மசோதா 2016 முதல் பல தடவை காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது, இன்னும் சட்டமாகவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தண்டனைக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், அந்த மாநிலத்திலும் இப்படி ஒரு சட்டம் இருந்தாலொழிய, கடையில் பேக்ரவுண்ட் செக் அவரை நிறுத்தாது. மனைவியை அடித்தவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்ட காங்கிரஸ், ஒரு குடும்பத்தை அதன் நிறத்துக்காக மிரட்டியவரிடம் இருக்கலாம் என்று விட்டு வைத்திருப்பது எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத ஒன்று.

2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலம் ஓலேத்தில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா கொல்லப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்தவர். ஒருவன் வந்து, இந்த நாட்டில் முறையாகத்தான் இருக்கிறீர்களா என்று வம்புக்கு இழுத்தான். அவனை வெளியே அனுப்பினார்கள். துப்பாக்கியோடு திரும்பி வந்து, "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்திக்கொண்டே சுட்டான். கத்தலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தது, போய்விட்டுத் திரும்பி வரும் நேரம் மட்டும்தான். கலிபோர்னியாவின் சட்டம் அன்றைக்கு அங்கே இருந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்டனை பெற்றவரைத்தான் அது தடுக்கும். ஆனால் உங்கள் தெருவில் இருப்பவர் கத்தியும்விட்டார், மட்டையை எடுத்தும்விட்டார், வழக்கும் கோர்ட்டில் இருக்கிறது. இந்தச் சட்டம் எழுதப்பட்டது இந்த இடத்துக்காகத்தான்.

கடைசியாக, உங்கள் கணவர் துப்பாக்கி வாங்குவது. வேண்டாம் என்பது என் அறிவுரை என்று சொல்லவே தேவையில்லை, சட்டமே விடாது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 2022 முதல் அதற்கு 15 வருடம் வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தலும் சேர்ந்து வரும், கிரீன் கார்டு வரிசையும் அதோடு முடியும். வீட்டில் வைப்பது மட்டும் இல்லை, ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் அதுவும் வைத்திருப்பதுதான். இது தெரியாமல் போட்டோ எடுத்துப் போடுகிற பையன்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நண்பர் பெயரில் வாங்கி வீட்டில் வைப்பது இன்னும் மோசம், இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.

போலீஸிடம் முதல் நாள் முழுதாகச் சொல்லாமல் விட்டதற்காகக் கணவரைக் குறை சொல்லாதீர்கள். உடைந்த கண்ணாடிக்கு நடுவில், அப்பா பக்கத்தில் நிற்க, அப்பாவைச் சொன்ன வார்த்தையை அந்நியரிடம் எந்த மகனுக்கும் சொல்ல வராது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்: முதல் நாள் இல்லாத வார்த்தை மூன்றாம் நாள் எப்படி வந்தது என்பார். அதனால் அரசு வக்கீலைப் பார்க்கப் போகும்போது அவரும் வர வேண்டும். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். பதிவு இருக்கும் பென் டிரைவ், கண்ணாடிக் கடை பில், மாமனாரின் டிக்கெட் நகல் மூன்றையும் கொண்டுபோங்கள். வாய்தா தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். சிஹெச்-100-ல் நடந்ததை விவரிக்கும் பகுதியை நிரப்பிவிட்டு அனுப்பினால், தாக்கல் செய்யும் முன் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.